மின்சாரம் திரும்பி வரும் வேளை

விளக்கு அணைவதைப் பற்றி நாம் நிரம்பப் பேசியிருக்கிறோம். அது மீண்டும் எரியத் தொடங்கும் கணத்தைப் பற்றிப் பேசியது குறைவு. மின்சாரம் நின்றதும் வீட்டில் ஒரு பெருமூச்சு எழுகிறது. வந்ததும் சிறுவர்கள் ஆரவாரஞ் செய்கிறார்கள். போனது துன்பம், வந்தது இன்பம் என்று கணக்கு முடிந்துவிடுகிறது. ஆனால், குளிர்சாதனப் பெட்டிக்கும் நீரிறைக்கும் மோட்டருக்கும் வாயிருந்தால் அவை வேறொரு கணக்குச் சொல்லும். அவற்றுட் பல இருளிற் கெடுவதில்லை. வெளிச்சம் திரும்பும்போதுதான் கெடுகின்றன. இருளைப் போக்குவதற்கென்று நாம் வாங்கிவைக்கும் மின்பிறப்பாக்கியோ, கவனமின்றிக் கையாளப்படின், பொருளுக்கு மட்டுமன்றி உயிருக்கும் கேடு செய்ய வல்லது. பல்லாண்டுகள் பௌதிகவியல் கற்பித்தவன் என்ற முறையில் இவ்விரண்டைப் பற்றியும் சில சொல்ல விழைகின்றேன்.

இருளும் நாமும்

இருளோடு நமக்குள்ள பழக்கம் புதியதன்று. இந்நாட்டு நீர்வீழ்ச்சிகளிலிருந்து மின்வலுப் பெறலாம் என்பதைப் பொறியியலாளர் டி. ஜே. விமலசுரேந்திர 1918 ஆம் ஆண்டில் ஓர் ஆய்வுரை வாயிலாக எடுத்துரைத்தார். அவர் கனவு கண்ட இலக்சபானா மின்நிலையம் இயங்கத் தொடங்கியது 1950 இல். மின்சாரம் ஒரு தலைமுறைக்குப் புதுமையாயிருந்து, அடுத்த தலைமுறைக்கு வழக்கமாயிற்று. வழக்கமாகிவிட்டபின் அது நிற்பது பெருந்துயராயிற்று.

1990 இல் போர் மீண்டும் மூண்டபின் யாழ்ப்பாணக் குடாநாடு பல்லாண்டுகள் மின்சாரமின்றி வாழ்ந்தது. போத்தலுக்குள் சிறிது மண்ணெண்ணெயும் திரியுமிட்டு ஏற்றிய சின்னஞ்சிறு விளக்கின் முன் அமர்ந்து படித்தவர்கள் இன்று வைத்தியர்களாகவும் பொறியியலாளர்களாகவும் ஆசிரியர்களாகவும் நம்மிடையே உள்ளனர். சைக்கிளை நிறுத்திவைத்து, மிதியைச் சுழற்றி, அதன் டைனமோவிலிருந்து பிறந்த மின்சாரத்தால் வானொலி கேட்ட காலம் அது. பரடே 1831 இல் கண்டறிந்த மின்காந்தத் தூண்டலை அன்று ஊர்ச் சிறுவனும் தன் காலாலும் கையாலும் உணர்ந்தான். செய்தி கேட்க வேண்டுமாயின் யாரேனும் ஒருவர் உழைத்தாக வேண்டும். உழைப்புத் தளர்ந்தால் ஒலியும் தளரும். மின்பிறப்பாக்கியைப் பற்றி அறியவேண்டியதிற் பாதி இதனுள் அடங்கிவிட்டது.

பின்னர் நாடு முழுவதற்கும் இருள் பொதுவாயிற்று. 2016 மார்ச் 13, 2020 ஓகஸ்ற் 17, 2021 டிசம்பர் 3 ஆகிய நாள்களில் இலங்கை முழுவதும் மின்சாரம் அற்றுப்போயிற்று. 2022 ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியில், மார்ச் மாத இறுதியில், நாளொன்றுக்குப் பதின்மூன்று மணிநேரம் வரை மின்வெட்டு நீண்டது. மின்பிறப்பாக்கி வைத்திருந்தவர்களும் அன்று எரிபொருள் வரிசையிலே நின்றனர். 2025 பெப்ரவரி 9 ஆம் நாள், ஞாயிறு முற்பகலில், பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு கம்பியிற் பட்டதனால் தீவு முழுவதும் இருண்டதென்று அறிவிக்கப்பட்டது. உலகம் நகைத்தது. ஆயினும், ஒரு குரங்கின் பிழைக்கு ஒரு நாடே நின்றுவிடுமாயின், வீடுகள் தமக்கென்று ஓர் இயந்திரத்தை நாடுவதில் வியப்பில்லை.

திரும்பும் மின்சாரத்தின் வேகம்

மின்சாரம் நிற்கும்போது வீடுகளிலுள்ள ஆளிகளை நாம் பெரும்பாலும் அப்படியே விட்டுவிடுகிறோம். ஆகையால் அது திரும்பும் கணத்தில் ஓர் ஊரின் எல்லாக் குளிர்சாதனப் பெட்டிகளும் மோட்டர்களும் மின்விசிறிகளும் ஒருங்கே விழித்தெழுகின்றன. மோட்டர் என்பது ஓடும்போது கேட்பதைவிடப் புறப்படும்போது ஐந்தாறு மடங்கு மின்னோட்டத்தைக் கேட்கும் இயல்பினது. எல்லாம் ஒருங்கே கேட்டால் மின்னழுத்தம் தாழ்கிறது. தாழ்ந்த அழுத்தத்தில் மோட்டரால் எளிதிற் புறப்பட முடிவதில்லை. முக்கி முனகி நின்ற இடத்திலேயே சூடேறுகிறது. குளிர்சாதனப் பெட்டியின் அமுக்கிக்கு இன்னுமொரு தடை உண்டு. சற்று முன்னர் அது அமுக்கிவைத்த வாயு இன்னும் தணியாதிருக்கும். அவ்வழுத்தத்தை எதிர்த்துப் புறப்படவேண்டும். அதனாலேயே ஐந்து நிமிடம் பொறுத்து அதனை இயக்குக என்று அறிந்தவர்கள் சொல்வர்.

தாழ்ந்த அழுத்தம் மோட்டருக்குப் பகை. உயர்ந்த அழுத்தம் கணினிக்கும் தொலைக்காட்சிக்கும் பகை. இவ்வுயர்வு விளையும் வழிகளுள் மிகக் கொடியது நொதுமற் கம்பி அறுவது. நமது தெருக்களில் ஓடும் மூன்று உயிர்க்கம்பிகளுள் எவ்விரண்டுக்கும் இடையே 400 வோல்ற்று உண்டு. ஒவ்வொன்றுக்கும் நொதுமற் கம்பிக்கும் இடையே 230 வோல்ற்று. வெவ்வேறு உயிர்க்கம்பிகளிற் பூட்டிய இரு வீடுகளை எண்ணிக்கொள்வோம். ஒன்றில் 100 வாற்று மின்குமிழ் ஒன்று எரிகிறது. மற்றதில் 1000 வாற்று மின்கேத்தில் ஒன்று கொதிக்கிறது. புயலில் மரம் விழுந்து நொதுமற் கம்பி மட்டும் அறுகிறது. அக்கணமே இரு வீடுகளும் 400 வோல்ற்றுக்கு நடுவே தொடராகப் பிணைக்கப்பட்டுவிடுகின்றன. மின்குமிழின் தடை கேத்திலின் தடையைப் போலப் பத்து மடங்காகையால், ஓமின் விதிப்படி, குமிழுள்ள வீட்டுக்கு ஏறத்தாழ 364 வோல்ற்றும் கேத்திலுள்ள வீட்டுக்கு வெறும் 36 வோல்ற்றும் கிடைக்கின்றன. சிறிதளவு பாவித்தவனே பெரிதளவு இழக்கிறான். மாணவர்கள் இதனை ஒருமுறை தாளிற் கணித்துப் பார்ப்பது நன்று. சில விளக்குகள் கண் கூசுமாறு ஒளிர்ந்து, வேறு சில மங்கினால், ஆராய்ச்சிக்கு இடமில்லை. பிரதான ஆளியை உடனே நிறுத்தவேண்டும்.

தாளந் தவறா இயந்திரம்

இனி மின்பிறப்பாக்கிக்கு வருவோம். அதன் உள்ளே ஒரு காந்தம் சுழல்கிறது. சுற்றியுள்ள கம்பிச்சுருளில் மின்சாரம் பிறக்கிறது. நம்முடைய மின்சாரம் செக்கனுக்கு 50 முறை ஆடும் ஆடலோட்டம். வீட்டுச் சிறு இயந்திரங்கள் பலவற்றில் அவ்வாட்டத்தைப் பெறுவதற்குக் காந்தம் நிமிடத்துக்கு 3000 முறை சுழலவேண்டும். சுழற்சி குறைந்தால் மீடிறன் குறையும், கூடினாற் கூடும். நாடளாவிய வலையமைப்பில் பல நூறு தொன் எடையுள்ள சுழலிகள் ஒருமித்துச் சுழல்கின்றன. ஒரு வீட்டில் ஒரு மோட்டர் புறப்படுவதை அவை உணர்வதுமில்லை. வீட்டு இயந்திரமோ தனித்துத் தாளம் போடுபவன். குளிர்சாதனப் பெட்டி புறப்பட்டதும் அவன் கை தளர்கிறது. அது நின்றதும் கை திடீரென விரைகிறது. தளர்ச்சியில் மோட்டர்கள் வேகும். விரைவில் நுண்ணிய மின்னணுக் கருவிகள் சிதையும். எண்ணெய் தீருந் தறுவாயில் இயந்திரம் விக்கி விக்கி ஓடுவதைக் கேட்டிருப்பீர்கள். அப்போது அதனுடன் பூட்டிய கருவிகள் யாவும் அவ்விக்கலைத் தாமும் அனுபவிக்கின்றன.

ஆகவே ஒழுங்கு இது: முதலில் இயந்திரத்தை வெறுமையாக ஓடவிட்டு அது நிதானப்பட்டபின் சுமையை ஒவ்வொன்றாக ஏற்றுக, மோட்டருள்ள பெருஞ்சுமையை முன்னும் சிறுவிளக்குகளைப் பின்னும் ஏற்றுக, நிறுத்துமுன் சுமையை இறக்கிவிடுக. வாங்கும்போது, கருவிகள் ஓடும்போது கேட்கும் வலுவையன்றிப் புறப்படும்போது கேட்கும் வலுவைக் கணக்கிடுக. 150 வாற்றுக் குளிர்சாதனப் பெட்டியைப் புறப்படச் செய்ய 1000 வாற்று இயந்திரமும் திணறலாம்.

கம்பத்தில் ஏறும் மனிதன்

இதுவரை சொன்னவை பொருளிழப்பு. பொருள் மீளும். மீளாதது ஒன்றுண்டு.

என்னிடம் முன்னர் படித்த இளைஞரொருவர் எங்கள் ஒழுங்கையிற் குடியிருக்கிறார். மின்வெட்டு நீண்ட 2022 இல் அவர் ஒரு மின்பிறப்பாக்கி வாங்கினார். அதனை வீட்டோடு இணைக்கும் விதத்தைப் பெருமையுடன் எனக்குக் காட்டினார். ஒரு கம்பி; அதன் இரு முனைகளிலும் செருகிகள். ஒன்றை இயந்திரத்திற் செருகி, மற்றதைச் சுவரிலுள்ள குதையிற் செருகினால் வீடு முழுவதும் ஒளிரும்.

"தம்பி, இந்த மின்சாரம் வீட்டோடை நிண்டுவிடுமோ?" என்று கேட்டேன்.

"சேர், மெயின் சுவிச்சை ஓவ் பண்ணிப்போட்டுத்தானே குடுக்கிறன். பிறகென்ன?"

"நீர் ஓவ் பண்ணுவீர். நீர் வீட்டிலை இல்லாத அண்டைக்கு?"

அவர் பேசாது நின்றார். தாயாரும் பள்ளிக்குச் செல்லும் தம்பியும் அவ்வீட்டில் உள்ளனர்.

அவர் மௌனத்துக்குக் காரணம் அவருக்குத் தெரியும். வகுப்பில் நிலைமாற்றியைப் படித்தவர். தெருமுனையிலுள்ள நிலைமாற்றி 11,000 அல்லது 33,000 வோல்ற்றைத் தாழ்த்தி நமக்குத் தருகிறது. அதற்கு முன், பின் என்ற பேதமில்லை. தாழ்ந்த பக்கத்தில் 230 வோல்ற்றை ஊட்டினால் உயர்ந்த பக்கத்தில் ஆயிரக்கணக்கான வோல்ற்றை அது பிறப்பிக்கும். பிரதான ஆளி மூடியிருக்கும் வீட்டிலிருந்து புறப்படும் மின்சாரம் இவ்வாறு தெருவுக்கு ஏறுகிறது. அயல் வீடுகளின் சுமையெல்லாம் மேலே விழுந்தால் சிறிய இயந்திரம் திணறி நின்றுவிடும் என்பது உண்மை. ஆனால் கம்பி அருகிலேயே அறுந்திருந்தால் சுமை ஏது? இயந்திரம் அமைதியாக ஓடிக்கொண்டே இருக்கும். அறுந்த அக்கம்பியைப் பொருத்துவதற்கு ஒருவர் கம்பத்தில் ஏறுகிறார். புவியோடு பிணைக்கப்படாத கம்பியை உயிரற்றதென்று கொள்ளலாகாது என்பது அவர் தொழிலின் விதி. ஆயினும் புயலிரவில், மழையில், பல இடங்களிலிருந்து அழைப்பு வரும் அவசரத்தில், ஒரு விதி ஒருமுறை தளர்ந்தாற் போதும். நமக்கு ஒளி தருவதற்கென்று ஏறியவரை நம் வீட்டு ஒளியே கொல்கிறது.

கூரைமேற் சூரியப் படலம் வைத்திருப்போர் பலர், வெயில் எறித்தும் மின்வெட்டு வேளையில் அது ஏன் வேலை செய்வதில்லை என்று கேட்பதுண்டு. வலையோடு இணைந்த அவ்வமைப்புகள் வலை நின்றதும் தாமாகவே நின்றுவிடுமாறு ஆக்கப்பட்டிருப்பது இம்மனிதருக்காகவே. இயந்திரத்துக்கு அறிவூட்டியுள்ளனர், இரட்டைச் செருகிக் கம்பிக்கு அவ்வறிவில்லை. அது கையில் எடுப்பவரையும் விடாது. ஒரு முனை செருகியிருக்க, மறுமுனையின் வெற்றுப் பித்தளையில் 230 வோல்ற்று நிற்கும். மின்சாரம் திடீரென மீண்டாலோ, தாளம் ஒவ்வாத இரண்டு ஆடலோட்டங்கள் மோதி, இயந்திரமே கருகும்.

இதற்கு மாற்று உண்டு. மாற்றாளி என்னும் சிறு பொறி ஒரு நேரத்தில் ஒரு வழியை மட்டுமே திறக்கும். தெருவோடு வீடு இணைந்திருக்கையில் இயந்திரம் இணையாது. இயந்திரம் இணைகையில் தெரு துண்டிக்கப்பட்டிருக்கும். மனிதனின் நினைவாற்றலை நம்பாது பொறியின் அமைப்பை நம்புவதே அதன் சிறப்பு. தகுதி பெற்ற மின்னிணைப்பாளரைக் கொண்டே அதனைப் பொருத்தவேண்டும். நொதுமற் கம்பியும் புவிக்கம்பியும் இயந்திரத்தோடு எவ்வாறு இணையவேண்டும் என்பதை அவரே தீர்மானிக்கவேண்டும். ஏனெனில் அவ்விணைப்புத் தவறாயின், ஒழுக்கைக் கண்டு துண்டிக்கும் ஆளி இருந்தும் பயனற்றுப்போகும். அந்த இளைஞர் அடுத்த வாரமே அதனைப் பொருத்தினார். இரட்டைச் செருகிக் கம்பியை என் கண்முன்னே வெட்டி எறிந்தார்.

மணமற்ற நஞ்சு

இன்னொன்று சொல்லாது முடிக்கலாகாது. திருடருக்கு அஞ்சியும் மழைக்கு அஞ்சியும் சிலர் மின்பிறப்பாக்கியை அடுக்களையிலோ விறாந்தையிலோ வைத்து ஓட்டுகின்றனர். அதன் புகையிலுள்ள காபனோரொட்சைட்டுக்கு நிறமில்லை, மணமில்லை. குருதியிலுள்ள ஈமோகுளோபினை ஒட்சிசனைவிட இருநூறு மடங்குக்கு மேற்பட்ட வலிமையுடன் அது பற்றிக்கொள்கிறது. தலையிடியும் மயக்கமும் முதலில் வரும். உறங்குபவர்க்கு அவ்வெச்சரிக்கையும் இல்லை. யன்னலைத் திறந்துவைப்பது போதாது. வீட்டிலிருந்து இருபது அடிக்குக் குறையாத தூரத்தில், புகை வாய் வீட்டை நோக்காதவாறு, வெளியே வைக்கவேண்டும். இயந்திரம் ஆறிய பின்னரே எண்ணெய் ஊற்றவேண்டும்.

மின்சாரம் ஓர் ஊரார் சேர்ந்து குடிக்கும் குளத்து நீர் போன்றது. பொதுக்குளத்துக்கு ஒரு காவல் உண்டு, ஒரு முறை உண்டு. தன் வளவிற் கிணறு வெட்டியவன் அக்காவலையும் முறையையும் தானே ஏற்கவேண்டியவனாகிறான். அவன் கிணற்று நஞ்சு நிலத்தடியால் ஊர்க்குளத்துக்குச் செல்லாது பார்ப்பதும் அவன் கடன். வீட்டில் மின்பிறப்பாக்கி வைத்தவரும் ஒரு சிறு மின்நிலையத்துக்கு அதிபதியாகிறார். அதிபதிக்கு உரிமையோடு பொறுப்பும் உண்டு. ஆசிரியர்கள் இதனை வகுப்பறையிலே கற்பிக்கவேண்டும். நிலைமாற்றியின் சமன்பாட்டைக் கரும்பலகையில் எழுதும் நாளிலே, அச்சமன்பாட்டின் மறுமுனையில் ஒரு மனிதர் கம்பத்தில் நிற்கிறார் என்பதையும் ஒரு வசனத்திற் சொல்லிவைத்தால், அவ்வசனம் சோதனை முடிந்த பின்னும் மாணவர் நெஞ்சில் நிற்கும். ஓர் உயிரைக் காக்கவுங் கூடும்.