முள்ளங்கி வாங்குங்கள்; தழையை எறியாதீர்கள்!

"முள்ளங்கிப் பத்தை மாதிரி நூறு ரூபாய் கொடுத்தேன்" என்று சொல்வது நம் வழக்கம். அந்த முள்ளங்கியை வாங்கும்போதே பாதிப் பணத்தைக் கடையில் விட்டுவிட்டு வருகிறோம். எப்படித் தெரியுமா?

பெருமுக்கல் மலையடியிலிருந்து திண்டிவனம் கடைத்தெருவுக்கு வருகிறவர்கள் ஆனாலும் சரி, சென்னைப் பட்டணத்துக்காரர்கள் ஆனாலும் சரி, "தழையைத் திருகிப் போட்டுவிட்டுக் கிழங்கை மட்டும் கொடம்மா" என்றுதான் கேட்கிறார்கள். தழை மாட்டுக்குப் போகிறது. மாடு கொடுத்து வைத்தது!

கிழங்கில் என்ன உண்டு?

100 கிராம் வெள்ளை முள்ளங்கியில் சுமார் 95 கிராம் தண்ணீர்தான். கலோரி வெறும் 18. ஆகவே உடல் பருத்தவர்களும் நீரிழிவுக்காரர்களும் தயங்காமல் சாப்பிடலாம். வைட்டமின் 'சி' சுமார் 22 மில்லிகிராம் இருக்கிறது. மலச்சிக்கலைத் தடுக்கும் நார்ச் சத்தும் உண்டு.

முள்ளங்கி, கடுகுக்குச் சொந்தக்காரன். அதனால்தான் நறுக்கியதும் காரம் மூக்கில் ஏறுகிறது. மாவுச் சத்தை ஜீரணிக்க உதவும் ஒரு பொருளும் பச்சை முள்ளங்கியில் இருக்கிறது. ஜப்பானியர் எண்ணெயில் பொரித்த பலகாரத்துடன் முள்ளங்கித் துருவலைச் சேர்த்துச் சாப்பிடுகிறார்கள்.

வேக வைத்தால் அந்தப் பொருள் அழிந்துவிடும். வைட்டமின் 'சி'யும் குறைந்துவிடும். எனவே சாம்பாரோடு நிறுத்த வேண்டாம். துருவி, தயிரில் போட்டுப் பச்சடியும் செய்யுங்கள்.

தழையே தங்கம்!

சுண்ணாம்புச் சத்தும், கண்ணுக்கு நன்மை தரும் கரோட்டினும், வைட்டமின் 'சி'யும் கிழங்கைவிடத் தழையில் பல மடங்கு அதிகம். இரும்புச் சத்தும் அதில்தான் கூடுதல்.

இது சின்ன விஷயம் அல்ல. 2019-21ல் நடந்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரை உள்ள பெண்களில் நூற்றுக்கு 53 பேருக்கு இரத்த சோகை! கீரை மட்டும் இதைத் தீர்த்துவிடாது. சுகாதார நிலையத்தில் கொடுக்கும் இரும்புச் சத்து மாத்திரையைக் கர்ப்பிணிகள் நிறுத்தவே கூடாது. ஆனால் கீரை நல்ல துணை.

இளந்தழையைக் கழுவிப் பொடியாக நறுக்குங்கள். பாசிப்பருப்புடன் வேக வைத்துத் தாளியுங்கள். இறக்கிய பிறகு எலுமிச்சம் பழம் பிழியுங்கள். புளிப்பில் உள்ள வைட்டமின் 'சி', இரும்புச் சத்து உடலில் சேர உதவும். சாப்பிட்ட கையோடு டீ குடிக்காதீர்கள். அது இரும்புச் சத்தைச் சேரவிடாமல் தடுக்கும்.

மருந்தா, உணவா?

மஞ்சள் காமாலைக்கும் சிறுநீரகக் கல்லுக்கும் முள்ளங்கிச் சாறே போதும் என்பவர்கள் உண்டு. அதை நம்பி வீட்டிலேயே இருந்துவிடாதீர்கள். டாக்டரிடம் காட்டுங்கள். முள்ளங்கி நல்ல உணவு. வைத்தியத்துக்கு மாற்று அல்ல. தைராய்டு கோளாறோ சிறுநீரக நோயோ உள்ளவர்கள், எவ்வளவு சாப்பிடலாம் என்று டாக்டரைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

கொல்லையிலே பொலபொலப்பான மண் கொஞ்சம் இருந்தால் போதும். விதை போட்டுச் சுமார் 45 நாளில் கிழங்கு பிடுங்கலாம். முற்றவிட்டால் சக்கையாகிவிடும்.

அடுத்த முறை கடைக்குப் போகும்போது, "தழையோடு கொடம்மா" என்று கேளுங்கள். முள்ளங்கிப் பத்தை போல நீங்கள் எண்ணிக் கொடுக்கும் காசுக்கு அப்போதுதான் முழுப் பலன்!