‘டு’வுக்கும் வினைக்கும் நடுவே

சிராங்கூன் சாலையிலிருந்து பிரியும் ஒரு சந்தில், கடைக்கு மேலே உள்ள அறையில், ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் நானும் இரண்டு நண்பர்களும் வெளிநாட்டு ஊழியர்களுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறோம். பாடப்புத்தகம் கிடையாது. அவரவர் கைப்பேசியில் இருக்கும் குறுஞ்செய்திகள்தான் பாடம். விடுப்பு எப்படிக் கேட்பது, சம்பளச் சீட்டில் சந்தேகம் வந்தால் எப்படி எழுதுவது, இப்படி.

ஒருநாள் புதுக்கோட்டைப் பக்கத்துத் தம்பி ஒருவர், “அக்கா, இதை அனுப்பலாமா பாருங்க” என்று கைப்பேசியை நீட்டினார். வேலையிடத்தில் ஒரு வால்வை முழுதாகத் திருகி மூடாமல் வந்துவிட்டது அப்போதுதான் அவருக்கு நினைவுக்கு வந்திருக்கிறது. மேற்பார்வையாளருக்கு அவர் எழுதியிருந்தது: ‘ஐ ஃபர்காட் டு கம்ப்ளீட்லி குளோஸ் த வால்வ்.’

பக்கத்தில் இருந்தவர் ஊரில் டிப்ளோமா முடித்தவர். எட்டிப் பார்த்து, “தப்புடா. ‘டு’வுக்கும் வினைக்கும் நடுவுல எதுவும் வரக்கூடாது” என்று சொல்லி, அந்தச் சொல்லை முன்னால் இழுத்துப் போட்டார்: ‘ஐ கம்ப்ளீட்லி ஃபர்காட் டு குளோஸ் த வால்வ்.’

முதல் வாக்கியத்தில் வால்வு பாதியாவது மூடியிருக்கிறது. இரண்டாவதில் திறந்தே கிடக்கிறது! ‘முழுதாக மூட மறந்துவிட்டேன்’ என்பது ‘மூடவே அடியோடு மறந்துவிட்டேன்’ என்று ஆகிவிட்டது. “முதல்ல போன் பண்ணுங்க தம்பி, அப்புறம் நீங்க எழுதினதையே அனுப்புங்க” என்றேன்.

டிப்ளோமா தம்பி சொன்னது அவர் கண்டுபிடித்த விதி அல்ல. ‘ஸ்பிளிட் இன்ஃபினிட்டிவ்’ என்று அதற்கு ஒரு பெயரே உண்டு. ‘டு கோ’, ‘டு குளோஸ்’ போன்ற தொடர்களைப் பிளந்து நடுவில் வினையடையை நுழைப்பது. 1864ல் ஹென்றி ஆல்ஃபர்ட் என்ற ஆங்கிலேயப் பாதிரியார், நல்ல ஆங்கிலம் பற்றி எழுதிய நூலில் இதைக் கண்டித்தார். அவருடைய வாசகர் ஒருவர் ‘டு சயன்டிஃபிக்கலி இல்லஸ்ட்ரேட்’ என்று எழுதுவதில் என்ன தப்பு என்று கேட்டிருந்தார். அப்படி யாரும் எழுதுவதில்லை என்கிற ரீதியில் பதில் சொன்னார் ஆல்ஃபர்ட். உண்மையில் 13ஆம் நூற்றாண்டிலிருந்தே அப்படி எழுதியவர்கள் இருக்கிறார்கள். ஆனாலும் விதி நிலைத்துவிட்டது. பள்ளி ஆசிரியர்கள், பத்திரிகை ஆசிரியர்கள், அலுவலக மேலாளர்கள் என்று கைமாறி, கப்பலேறி நம் ஊர்களுக்கும் வந்து சேர்ந்தது.

லத்தீன் மொழியில் இந்த எச்சம் ஒரே சொல்; அதைப் பிளக்க முடியாது, ஆகவே ஆங்கிலத்திலும் பிளக்கக்கூடாது என்று இதற்கு ஒரு காரணம் சொல்வார்கள். அந்தக் கணக்குக்குத் தமிழையும் சாட்சிக்கு அழைக்கலாமே! ‘போக’, ‘மூட’, ‘படிக்க’ என்ற நம்முடைய ‘செய’ என்னும் வாய்பாட்டு எச்சமும் ஒரே சொல்தான். அதற்குள் எதையும் நுழைக்க முடியாது. ஆனால் ஆங்கிலத்தின் ‘டு’ தனிச்சொல். ‘லெட் மீ கோ’ என்னும்போது அது காணாமலே போய்விடுகிறது. ஒட்டியிராத ஒன்றைப் பிளந்துவிட்டாய் என்று குற்றம் சாட்டுவது எனக்குக் கொஞ்சம் வேடிக்கையாகத்தான் இருக்கிறது.

இதில் தமிழர்களுக்கு ஒரு வசதி இருக்கிறது. நாம் வினையடையை வினைக்கு முன்னால் வைத்தே பழகியவர்கள். ‘சீக்கிரமாக முடிக்க’, ‘கவனமாகப் படிக்க’, ‘முழுதாக மூட’. இந்த வரிசையை அப்படியே ஆங்கிலத்துக்குக் கொண்டுபோனால் ‘டு குவிக்லி ஃபினிஷ்’, ‘டு கேர்ஃபுல்லி ரீட்’ என்றுதான் வரும். புதுக்கோட்டைத் தம்பி விதியை மீறவேண்டும் என்று நினைத்து எழுதவில்லை. தமிழில் யோசித்தார், சொல் தானாக அதற்குரிய இடத்தில் போய் உட்கார்ந்துகொண்டது.

அதற்காகத் தமிழில் குழப்பமே இல்லை என்று சொல்ல முடியாது. ‘அம்மா உடனே வரச் சொன்னார்’ என்ற வாக்கியத்தைப் பாருங்கள். வருவது உடனேயா, சொன்னது உடனேயா? பேச்சில் குரல் காட்டிக்கொடுத்துவிடும். எழுத்தில் சூழ்நிலையை வைத்துத்தான் புரிந்துகொள்ள வேண்டும். ஆங்கிலத்தில் இதைப் பிரித்துக் காட்ட முடியும். ‘ஷி இமீடியட்லி டோல்ட் மீ டு கம்’ என்றால் சொன்னது உடனே. ‘ஷி டோல்ட் மீ டு கம் இமீடியட்லி’ என்றால் வரவேண்டியது உடனே. சிக்கல் வருவது ‘டு’வைத் தொட பயந்து அதற்குச் சற்று முன்னால் சொல்லை நிறுத்தும்போதுதான். ‘வி டிசைடட் இமீடியட்லி டு லீவ்’ என்றால் முடிவு உடனேயா, கிளம்பியது உடனேயா? இரண்டு வினைக்கும் நடுவில் அந்தச் சொல் யாருக்கும் சொந்தமில்லாமல் நிற்கிறது. ஒப்பந்தங்களிலும் அலுவலக மின்னஞ்சல்களிலும் இந்த மாதிரி வாக்கியங்களை நான் நிறையவே பார்க்கிறேன். ‘அக்ரீட் ப்ராம்ப்ட்லி டு பே’ என்று இருந்தால், பணம் சீக்கிரம் வரும் என்று நம்பிவிடாதீர்கள். சீக்கிரம் ஒப்புக்கொண்டார்கள், அவ்வளவுதான் என்றும் அதைப் படிக்கலாம்.

சில வாக்கியங்களில் பிளப்பதைத் தவிர வேறு வழியே இல்லை. ‘வி எக்ஸ்பெக்ட் சேல்ஸ் டு மோர் தேன் டபுள்’. விற்பனை இரு மடங்கையும் தாண்டும் என்கிறது. அந்த ‘மோர் தேன்’ஐ வேறு எங்கே வைத்தாலும் வாக்கியம் நொண்டும்.

1926ல் ‘மாடர்ன் இங்கிலிஷ் யூசேஜ்’ எழுதிய ஃபௌலர், இந்த விஷயத்தில் ஆங்கிலேயர்களை ஐந்து வகையாகப் பிரித்தார். விதி என்னவென்றே தெரியாமல், கவலையும் படாமல் இருப்பவர்கள்தான் பெரும்பான்மை என்றும், அவர்களைப் பார்த்துப் பொறாமைப்பட வேண்டும் என்றும் கேலியாக எழுதினார். 1966ல் தொடங்கிய ‘ஸ்டார் டிரெக்’ தொலைக்காட்சித் தொடர், ‘டு போல்ட்லி கோ’ என்ற தொடரை உலகம் முழுவதும் பரப்பியது. ‘தி எகானமிஸ்ட்’ இதழ்கூட 2018ல் தன் நடைக் கையேட்டில் பிடியைத் தளர்த்திவிட்டது.

இந்தப் பயம் வெள்ளை மாளிகை வரை போனதாக ஒரு கருத்து உண்டு. 2009 ஜனவரி 20ல் ஒபாமா பதவியேற்றபோது, தலைமை நீதிபதி ஜான் ராபர்ட்ஸ் உறுதிமொழியில் ‘ஃபெய்த்ஃபுல்லி’ என்ற வினையடையை இடம் மாற்றிச் சொல்லிவிட்டார். ‘வில்’லுக்கும் ‘எக்ஸிக்யூட்’டுக்கும் நடுவில் இருக்கவேண்டிய சொல் பின்னால் போய்விட்டது. சந்தேகம் எதற்கு என்று மறுநாள் உறுதிமொழியை மறுபடியும் எடுத்துக்கொண்டார்கள். வினைத்தொடரைப் பிளக்கக்கூடாது என்று ஊறிப்போன பழக்கம்தான் நீதிபதியின் நாவைத் திருப்பியிருக்கும் என்று மொழியியலாளர் ஸ்டீவன் பிங்கர் எழுதினார். இருக்கலாம். அத்தனை பெரிய கூட்டத்துக்கு முன்னால் நின்றால் எனக்கு என் பெயரே மறந்துபோகும்.

சரி, பிள்ளைகளுக்கு என்ன சொல்லிக்கொடுப்பது? எந்த வினையைப் பற்றிய சொல்லோ, அதன் பக்கத்தில் வை. முதலில் தமிழில் சொல்லிப் பார், எந்த வினைக்கு முன்னால் அது வருகிறது என்று தெரிந்துவிடும். தேர்வுத் தாளைத் திருத்துபவர் பழைய விதியைப் பிடித்துக்கொண்டிருப்பாரோ என்று பயமாக இருந்தால், பொருள் மாறாத இடங்களில் கடைசியில் வைத்துவிடு: ‘டு ரீட் கேர்ஃபுல்லி’. பொருள் மாறும் என்றால் பயப்படாமல் பிளந்துவிடு. ஆனால் ஒரு சொல்லோடு நிறுத்திக்கொள். ‘டு’ சொல்லிவிட்டு ஐந்தாறு சொற்களைக் கடந்து வினைக்குப் போனால், கேட்பவர் வழியிலேயே இறங்கிவிடுவார்.

இதெல்லாம் உலகப் பொது ஆங்கிலத்துக்கு. நம் காப்பிக்கடை ஆங்கிலத்துக்கு வேறு கணக்கு. 2000ஆம் ஆண்டில் ‘நல்ல ஆங்கிலம் பேசுவோம்’ இயக்கம் தொடங்கப்பட்ட பிறகும், ‘ஐ வான்ட் டு கோ ஹோம் ஆல்ரெடி’ என்பது எங்கள் அடுக்குமாடியின் மின்தூக்கியில் தினமும் கேட்கிற வாக்கியம். இங்கே ‘ஆல்ரெடி’க்கு ‘ஏற்கெனவே’ என்று பொருள் இல்லை. ஹொக்கியனின் ‘லியாவ்’ செய்கிற வேலையை அது செய்கிறது: நிலைமை மாறிவிட்டது, இதுவரை இருந்தேன், இனிக் கிளம்பணும். இந்தச் சொல்லை மட்டும் ‘டு’வுக்குப் பின்னால் யாரும் நுழைப்பதில்லை; வாக்கியத்தின் வாலில்தான் அதற்கு இடம். இந்த விதியை எந்தப் பள்ளியிலும் சொல்லிக்கொடுக்கவில்லை, எந்தப் பிள்ளையும் தப்பாகச் சொன்னதும் இல்லை.

தஞ்சாவூரிலிருந்து வந்திருந்த என் மாமியாருக்குத்தான் அது பிடிபடவில்லை. பள்ளி முடிந்து என் மகள் தொலைபேசியில் அப்படிச் சொன்னதைக் கேட்டுவிட்டு, “ஏற்கெனவே வீட்டுக்கு வந்துட்டாளாமே, எங்கே காணோம்?” என்று கதவைத் திறந்து பார்த்தார்.