'ஹாவ்' என்றொரு வினைச்சொல்

நிலமற்றோர் பற்றிய ஆங்கிலத் துண்டுப்பிரசுரம் ஒன்றை நண்பர் ஒருவருக்காகத் தமிழாக்கிக்கொண்டிருந்தேன். என்னைத் திணறடித்தது கலைச்சொல் எதுவுமல்ல, 'ஹாவ்' என்கிற சாதாரண வினைச்சொல்.

'ஐ ஹாவ் எ ஹவுஸ்' என்பதில் 'நான்' எழுவாய், வீடு செயப்படுபொருள். நாம் 'எனக்கு வீடு இருக்கு' என்கிறோம். இங்கே எழுவாய் வீடு. நான் வெறும் நான்காம் வேற்றுமை. கைப்பணம் என்றால் 'என்னிடம்'. காய்ச்சலுக்கு வினையே வேண்டாம்: 'எனக்குக் காய்ச்சல்'. ஆங்கிலத்தில் வீடு, பணம், காய்ச்சல், பிள்ளைகள் எல்லாவற்றுக்கும் ஒரே 'ஹாவ்'. 'ஐ ஹாவ் டு கோ' என்று கட்டாயத்தையும் அதுவே சுமக்கிறது.

இவ்வினை எல்லா மொழிகளுக்கும் பொதுவானதல்ல என்பதை 1960இல் எமில் பென்வெனிஸ்ட் விளக்கினார். பார்வைக்குச் செயல்போலத் தோன்றினாலும் அது குறிப்பது ஒரு நிலையை. 'எனக்கு இருக்கிறது' என்பதன் தலைகீழ் வடிவம் அது. எரிக் ஃப்ராம், உடைமையையும் இருப்பையும் எதிரெதிரே நிறுத்தி 1976இல் வெளியிட்ட நூலில், தனிச்சொத்தின் வளர்ச்சியோடு இவ்வினையைத் தொடர்புபடுத்தினார்.

'பாத்தீங்களா, தமிழனுக்குச் சொத்தாசையே கிடையாது' என்று உடனே சிலர் கிளம்பிவிடலாம். அவசரம் வேண்டாம். 'உடைய', 'உடைமை' எல்லாம் தமிழ்தான். சோழர் காலக் கல்வெட்டுகளில் நிலவுடைமையாளர் பெயர்களில் ஊர்ப்பெயரோடு 'உடையான்' ஒட்டிக்கொண்டு வருகிறது. 'ஹாவ்' இல்லாமலேயே நிலம் சிலர் கைக்குப் போயிற்று.

பிரசுரத்தில் அடுத்து 'ஹாவ்-நாட்ஸ்' வந்தது. நம் பேச்சில் அதற்குச் சொல் தயார்: 'இல்லாதவங்க'. 'தனக்கு எதுவும் இல்லாதவர்' என்பதன் சுருக்கம்தான். ஆனால் என்ன இல்லை என்பது உதிர்ந்துபோய், ஆளே இல்லை என்பதுபோல ஒலிக்கிறது. சொத்துள்ளவனோ 'இருக்கிறவன்'. ஃப்ராம் பிரித்து வைத்த உடைமையும் இருப்பும் நம் வாயில் ஒரே சொல். சேரியைக் கணக்கில் எடுக்காமலே 'ஊர்கூடி முடிவெடுத்தோம்' என்று சொல்ல முடிகிற சமூகத்தில் இது வெறும் இலக்கண விநோதமா?

'இல்லாதவங்கன்னே போடுங்க, அப்பத்தான் சனங்களுக்குப் புரியும்' என்றார் நண்பர். புரியும்தான். ஆனால் இல்லாமை ஏதோ மழை பெய்யாததுபோலத் தானாக நேர்ந்ததாகவும் புரியும். நான் 'நிலம் மறுக்கப்பட்டவர்கள்' என்று எழுதினேன். கொஞ்சம் மேடைத்தமிழ்தான், ஒப்புக்கொள்கிறேன். யார் மறுத்தது என்று யாராவது ஒருவர் கேட்க அதில் இடமிருக்கிறது.