விழித்திரைக்கு ஒரு மஞ்சள் காவல்

அறுபது வயதைக் கடந்த ஒருவர் செய்தித்தாளை விரிக்கும்போது, பக்கத்தின் ஓரங்களெல்லாம் தெளிவாக இருக்க, எந்த எழுத்தை நேராகப் பார்க்கிறாரோ அந்த எழுத்து மட்டும் மங்கியும் நெளிந்தும் தோன்றுமாயின், கண்ணாடியின் பவர் மாறிவிட்டது என்றுதான் முதலில் எண்ணுவார். புதுக் கண்ணாடி போட்டும் மங்கல் நீங்காமற் போய், கண் மருத்துவர் பாப்பாவை விரித்து உள்ளே பார்த்த பிறகே, கோளாறு கண்ணின் முன்புறத்தில் இல்லை, விழித்திரையின் நடுவில் இருக்கிறது என்ற விஷயம் தெரியவரும். புரை விழுந்த கண்ணில் காட்சி முழுதும் புகை படிந்தாற்போல் மங்கும். இந்த வியாதியிலோ நடுப்பகுதிதான் போகும். எதிரே நிற்பவரின் புடவைக் கரை தெரியும், முகம் தெரியாது. மாகுலா எனப்படும் அந்த மையப் பகுதி முதுமையில் சிதைவதைப் பற்றியும், அதைத் தடுப்பதாகச் சொல்லி மருந்துக் கடைகளில் விற்கப்படும் மாத்திரைகளைப் பற்றியும் நிச்சயமாகத் தெரிந்தவை எவை என்பதைச் சற்று நிதானமாகப் பார்க்கலாம்.

விழித்திரை, எடைக்கு எடை வைத்துப் பார்த்தால், உடம்பிலேயே மிக அதிகமாகப் பிராணவாயுவைச் செலவிடும் திசுக்களில் ஒன்று. அதன் ஒளியுணர் செல்களின் சவ்வுகளோ, பிராணவாயு பட்டால் எளிதில் கெட்டுவிடும் ஒருவகைக் கொழுப்பினால் நிறைந்தவை. போதாக்குறைக்கு, கண் திறந்திருக்கும் நேரமெல்லாம் வெளிச்சம் வேறு அவற்றின்மேல் விழுந்துகொண்டே இருக்கிறது. ஒளியும் பிராணவாயுவும் கொழுப்பும் ஓரிடத்தில் கூடினால் என்ன நேரும் என்பதை, திறந்து வைத்த எண்ணெய் வெயில் பட்டுக் காறிப்போவதைக் கண்டவர்கள் அறிவார்கள். இந்தச் சேதத்துக்கு இயற்கை கண்டிருக்கும் பரிகாரம் வியப்பானது. ஒளியுணர் செல் ஒவ்வொன்றிலும் மெல்லிய தட்டுகள் அடுக்கடுக்காக அமைந்திருக்கின்றன. நாள்தோறும் நுனியில் இருக்கும் பழைய தட்டுகள் உதிர, அடியில் புதியவை வளர்ந்து, ஏறத்தாழ பத்து நாளில் அடுக்கு முழுதும் புதுப்பிக்கப்பட்டுவிடுகிறது. உதிர்ந்தவற்றை விழுங்கிச் செரிப்பது பின்னால் ஒற்றை வரிசையாக நிற்கும் நிறமிச் செல்களின் வேலை. இந்தச் செல்களோ சாதாரணமாகப் பெருகுவதில்லை. பிறவியில் அமைந்தவையே ஆயுள் முழுதும் உழைக்க வேண்டும். வயது ஏற ஏற, செரிக்க முடியாத கழிவு அவற்றின் உள்ளே தேங்குகிறது. அவற்றுக்கு அடியிலும் ட்ரூசன் என்னும் மஞ்சள் திட்டுகள் படிகின்றன. மருத்துவர் பாப்பாவை விரித்துத் தேடுவது அந்தத் திட்டுகளைத்தான்.

பிராணவாயுவால் நேரும் இந்தச் சேதம், அதாவது ஆக்சிஜனேற்றம், ஒன்றே இந்த வியாதிக்குக் காரணம் என்று எண்ணிவிடக் கூடாது. உடலின் தற்காப்பு முறையோடு சம்பந்தப்பட்ட ஒரு பரம்பரை அம்சத்துக்கும் இதில் பெரும்பங்கு உண்டு என்பது 2005ஆம் ஆண்டில் வெளிப்பட்டது. பரம்பரையை நாம் மாற்ற முடியாது, புகைபிடிப்பதை மாற்றலாம். மாற்றக்கூடிய காரணங்களில் அதற்கே முதலிடம்.

மாகுலாவுக்கு அதன் மஞ்சள் நிறம் எங்கிருந்து வந்தது என்ற கேள்வி வெகுநாள் விஞ்ஞானிகளை மருட்டியது. பின்னாளில் நோபல் பரிசு பெற்ற ஜார்ஜ் வால்ட், 1945ஆம் ஆண்டிலேயே, அது இலைகளில் உள்ள மஞ்சள் நிறமியைச் சேர்ந்ததாக இருக்கலாம் என்று சுட்டினார். நாற்பது ஆண்டுகள் கழித்து, 1985இல், ரிச்சர்ட் போன், ஜான் லேண்ட்ரம் ஆகியோர் அது லூட்டின், ஜியாக்ஸாந்தின் என்ற இரு பொருள்களின் கலவை என்று கண்டுகாட்டினர். இயற்கையில் இவ்வினத்து நிறமிகள் நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. நம் இரத்தத்திலும் பல ஓடுகின்றன. ஆனால் மாகுலா அவற்றுள் இவ்விரண்டையும் இவற்றின் மிக நெருங்கிய உறவையும் மட்டுமே பொறுக்கியெடுத்துச் சேமிக்கிறது. அவை நீல ஒளியை உள்வாங்கி வடிகட்டுகின்றன. கொழுப்பைத் தாக்க வரும் நிலைகொள்ளாத மூலக்கூறுகளையும் அடக்குகின்றன. லூட்டினையும் ஜியாக்ஸாந்தினையும் நம் உடம்பு உண்டாக்கிக்கொள்ள வல்லதன்று. உண்ணும் உணவிலிருந்துதான் வர வேண்டும்.

1992ஆம் ஆண்டில் அமெரிக்காவின் தேசியக் கண் நிறுவனம் ஒரு பெரும் பரிசோதனையைத் தொடங்கியபோது லூட்டின் மாத்திரையாகக் கிடைக்கவில்லை. ஆகவே, வைட்டமின் சி 500 மில்லிகிராம், வைட்டமின் ஈ 400 யூனிட், காரட்டின் நிறப்பொருளான பீட்டா கரோட்டின் 15 மில்லிகிராம், இவற்றோடு துத்தநாகமும், துத்தநாகம் மிகுந்தால் தாமிரம் குறைந்து சோகை வரும் ஆகையால் அதற்கு மாற்றாகக் கொஞ்சம் தாமிரமும் சேர்த்து ஒரு கலவை வகுத்தார்கள். 2001இல் முடிவு வந்தது. வியாதி நடுத்தர நிலையை எட்டியவர்களிலும், ஒரு கண்ணில் முற்றிவிட்டவர்களிலும், ஐந்து ஆண்டுகளுக்குள் அது முற்றிய நிலைக்குச் சென்றோர், மருந்தற்ற மாத்திரை உண்டவர்களில் 100க்கு 28 பேர். முழுக் கலவையை உண்டவர்களில் 20 பேர். இழந்த பார்வை யாருக்கும் திரும்பவில்லை. வியாதியின் ஆரம்ப நிலையில் இருந்தவர்களுக்குப் பலன் ஏதும் தென்படவில்லை. விளம்பரங்கள் விழுங்கிவிடுகிற செய்தி இந்தப் பிற்பகுதிதான்.

இதற்கிடையே ஃபின்லாந்திலிருந்து ஒரு விபரீதச் செய்தி வந்திருந்தது. காய்கறி மிகுதியாக உண்போருக்குப் புற்றுநோய் குறைவு என்ற நியாயத்தை நம்பி, புகைபிடிக்கும் ஆண்கள் 29,133 பேரிடம் பீட்டா கரோட்டினைப் பரிசோதித்தார்கள். 1994இல் கணக்குப் பார்த்தபோது, அதை உண்டவர்களிடம் நுரையீரல் புற்றுநோய் குறைவதற்குப் பதிலாக 18 சதவிகிதம் கூடியிருந்தது! இரண்டே ஆண்டில் ஓர் அமெரிக்கப் பரிசோதனையும் இதையே உறுதிசெய்தது. கறியாகத் தின்னும்போது தீங்கு செய்யாத பொருள், தனியே பிரித்து அளவு மிகக் கொடுத்தபோது இப்படி நடந்துகொண்டது. ‘ஆன்டி ஆக்ஸிடன்ட்’ என்று பெட்டியில் எழுதியிருந்தாலே அது அமிர்தம் என்று வாங்கிப் போகிற நம்மவர்கள் இந்த ஒரு சரித்திரத்தையாவது அறிந்திருப்பது நல்லது.

ஆதலால் தேசியக் கண் நிறுவனத்தின் இரண்டாம் பரிசோதனையில், 4,203 பேரைச் சேர்த்து, அவர்களில் பலருக்குப் பழைய கலவையோடு லூட்டின் 10 மில்லிகிராமும் ஜியாக்ஸாந்தின் 2 மில்லிகிராமும் சேர்த்துக் கொடுத்துப் பார்த்தார்கள். மீன் எண்ணெயின் ஒமேகா-3 கொழுப்பையும் பார்த்தார்கள். 2013இல் வெளிவந்த முடிவு எல்லோருக்கும் உவப்பாக இருக்கவில்லை. மீன் எண்ணெயால் பிரயோஜனம் இல்லை. லூட்டினைக் கூட்டியதால் மட்டும் மொத்தத்தில் அதிக நன்மையும் விளையவில்லை. ஆனால் பீட்டா கரோட்டினை நீக்கிவிட்டு அதன் இடத்தில் லூட்டினை வைப்பது பத்திரமானது, சற்று மேலானதும்கூட என்று தெரிந்தது. உணவில் கீரை வகைகளை மிகக் குறைவாக உண்டவர்களிடம் அதன் பலன் கூடுதலாகத் தென்பட்டது. அதே மனிதர்களைப் பத்து ஆண்டு வரையில் தொடர்ந்து கவனித்து 2022இல் வெளியிட்ட அறிக்கை இதைப் பின்னும் உறுதியாக்கியது. இன்று மருத்துவர் எழுதிக்கொடுக்கும் மாத்திரை இந்தத் திருத்திய கலவையே.

அதை யார் உண்ண வேண்டும் என்பதை ட்ரூசன் திட்டுகளின் அளவைப் பார்த்து மருத்துவர்தான் சொல்ல வேண்டும். கணினி முன் உட்கார்ந்து கண் வலிக்கிற முப்பது வயதுக்காரருக்கு இந்தப் பரிசோதனைகள் எதையும் நிரூபிக்கவில்லை. அவற்றில் சேர்க்கப்பட்டவர்கள் எல்லோரும் 50 வயதைத் தாண்டியவர்கள். ஏற்கெனவே வியாதி உள்ளவர்கள் மாத்திரையோடு நின்றுவிடாமல், கட்டம் போட்ட தாளையோ ஜன்னல் கம்பியையோ, ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு மறுகண்ணால் அவ்வப்போது பார்த்து வரவேண்டும். நேர்க்கோடு திடீரென்று வளைந்து தெரிந்தால், புது இரத்தக்குழாய்கள் முளைத்துக் கசியத் தொடங்கியிருக்கலாம். அதற்குக் கண்ணுக்குள் போடும் ஊசி இருக்கிறது, ஆனால் தாமதித்தால் பலன் குறையும்.

வியாதி இல்லாதவர்களுக்கு அடுப்பங்கரையே போதும். காரட்டில் இருப்பது பெரும்பாலும் பீட்டா கரோட்டின்; மாலைக்கண்ணுக்கு அது மருந்தாகலாம், ஆனால் மாகுலாவில் அது சேர்வதில்லை. அங்கே போய்ச் சேரும் லூட்டின் முருங்கை, அகத்தி, முளைக்கீரை போன்ற பச்சை இலைகளில் இருக்கிறது. பொன்னாங்கண்ணி கண்ணுக்கு நல்லது என்று பாட்டிமார் சொல்வதை யாரும் ஆயிரக்கணக்கானவரிடம் பரிசோதித்துப் பார்க்கவில்லையாயினும், அதுவும் ஒரு பச்சைக் கீரை என்ற அளவில் அவர்கள் வாக்கைத் தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. லூட்டின் கொழுப்பில் கரைவது; ஆகவே எண்ணெயோ நெய்யோ தேங்காயோ சேராத கீரையிலிருந்து உடம்பு அதை முழுதும் எடுத்துக்கொள்வதில்லை. மாத்திரைக்கு வேண்டிய லூட்டினோ பெரும்பாலும் செண்டுமல்லிப் பூவிலிருந்து வருகிறது. மெக்ஸிகோவைத் தாயகமாகக் கொண்ட அந்தப் பூவைத் தமிழ்நாட்டிலும் கர்நாடகத்திலும் உழவர்கள் மாலைக்காக மட்டுமன்றி ஆலைகளுக்காகவும் பயிரிடுகிறார்கள். மூட்டை மூட்டையாக வரும் பூவைக் குழியில் அழுத்திப் புளிக்கவைத்து, உலர்த்தி, அதிலிருந்து பிசின் போன்ற சாற்றைப் பிரித்தெடுக்கிறார்கள். அந்தச் சாற்றில் ஒரு பகுதி, முட்டைக் கருவுக்கு மஞ்சள் ஏறுவதற்காகக் கோழித் தீவனத்திலும் சேர்க்கப்படுகிறது. முட்டையில் லூட்டினின் அளவு கீரையைவிடக் குறைவென்றாலும், அது கொழுப்போடு கலந்தே இருப்பதால் உடம்பில் எளிதாகச் சேர்ந்துவிடுகிறது.