வேற்று மீனால் விளைந்த நஷ்டம்

ஒண்ட வந்த பிடாரி ஊர்ப் பிடாரியை ஓட்டிய கதை மீனுக்கும் பொருந்தும். அமெரிக்காவில் டெக்ஸாஸ் ராஜ்யத்து ஆறுகளில் மட்டுமே இயற்கையாய் வாழ்வது குவாடலூப் பாஸ் என்னும் மீன். வேகமாய் ஓடும் நீரே அதற்கு உகந்தது. அதனினும் பெரிதாய் வளரும் சிறுவாய் பாஸைத் தூண்டிற்காரர் விரும்புவர் எனக் கருதி, 1974 முதல் ராஜ்யத்தார் அதன் குஞ்சுகளை அவ்வாறுகளில் விடலாயினர்.

இரண்டும் ஒரே ஓட்டத்தில் இரை தேடின. அன்றியும், அவை கலந்து பிறந்த குஞ்சுகளும் மலடாகாமல் பெருகவே, சில ஆறுகளில் சுத்தமான நாட்டு மீன் அருகிப்போயிற்று. இத்தனைக்கும் 1989இல் ராஜ்யத்தின் சின்னமாக ஏற்கப்பட்ட மீன் அதுவே. 1992 முதல் ஜான்சன் ஓடையில் சுத்த ஜாதிக் குஞ்சுகளைப் பல ஆண்டுகள் விட்ட பின்னரே அங்குக் கலப்புக் குறைந்தது.

ஏரி குளங்களில் மீன் வளர்க்கக் கருதும் மிராசுதார்களும் கிராம அதிகாரிகளும் இதனைக் கவனிப்பார்களாக. கலங்கலில் வழியும் நீருடன் குஞ்சுகளும் ஆற்றைச் சேரும். பின்னர் அவற்றை ஒழித்தல் எளிதன்று. ஆதலால், குஞ்சு வாங்குமுன் அதன் ஜாதியை விசாரித்து, மீன் இலாகாவின் யோசனை பெற்று விடுதலே நலம்.