வேதியியலுக்குப் பக்கத்தில் ஒரு மொழி

உட்கார் தம்பி, டீ சொல்லியிருக்கிறேன். பி.எஸ்சி. வேதியியல் கிடைத்துவிட்டது. பார்ட் ஒன்னில் தமிழா பிரெஞ்சா என்றுதான் குழப்பம். "பிரெஞ்சு எடுடா, மார்க் அள்ளலாம்" என்று சீனியர்கள் சொல்லியிருப்பார்கள். படிவத்தில் டிக் அடிக்கும் முன், அந்தக் கட்டம் அங்கே எதற்கு இருக்கிறது என்று பார்ப்போம்.

கடலூர் பெரியார் அரசு கலைக் கல்லூரி ஆகட்டும், தூய வளனார் கல்லூரி ஆகட்டும், தமிழ்நாட்டில் பட்டப்படிப்பு பகுதி பகுதியாகத்தான் இருக்கிறது. பகுதி 1 தமிழ் அல்லது வேறொரு மொழி. பகுதி 2 ஆங்கிலம். பகுதி 3-ல்தான் உன் வேதியியலும், அதோடு வரும் கணிதம், இயற்பியல் போன்ற துணைப் பாடங்களும். இங்கிலாந்தில் வேதியியலையும் ஒரு மொழியையும் சேர்த்தே பட்டம் தரும் பல்கலைக்கழகங்கள் உண்டு. ஓர் ஆண்டு அந்த மொழி பேசும் நாட்டில் போய்ப் படிக்கலாம். நம்மிடம் அப்படிப் பெயர் வைத்த பட்டம் இல்லை. ஆனாலும் முதல் இரண்டு வருடம் நீ மொழியும் படிக்கிற மாணவன்தான். அந்த இரண்டு வருடத்தை மார்க்குக்காக மட்டும் செலவழித்தால் நஷ்டம் உனக்கு.

மார்க் கணக்கையும் பார்த்துவிடுவோம். எம்.எஸ்சி. சேர்க்கைக்குத் தரவரிசை போடும்போது பெரும்பாலும் பகுதி 3 மதிப்பெண்ணைத்தான் எடுக்கிறார்கள். பிரெஞ்சில் தொண்ணூற்றைந்து வாங்கினாலும் அது உன்னை வேதியியல் வகுப்பில் ஒரு இடம்கூட முன்னால் தள்ளாது. மார்க்குக்காக மொழி எடு என்கிற யோசனையில் சரக்கு அவ்வளவுதான்.

அப்படியானால் வேதியியல்காரனுக்கு இன்னொரு மொழி எதற்கு? பிளஸ் டூவில் பென்சீன் வளையம் வரைந்தாய் அல்லவா? அந்த அமைப்பை முன்வைத்த கெக்குலே ஜெர்மானியர். 1865-ல் அந்தக் கட்டமைப்பைப் பற்றிய முதல் கட்டுரையை அவர் பிரெஞ்சில்தான் வெளியிட்டார். அப்போது பெல்ஜியத்தில் கெண்ட் நகரில் பேராசிரியர். மறு வருடம் விரிவாக ஜெர்மனில் எழுதினார். அதற்கும் முன்னால், 1787-ல் லவாசியேயும் மூன்று கூட்டாளிகளும் சேர்ந்து வேதிப்பொருள்களுக்கு முறையாகப் பெயர் வைக்கும் திட்டத்தைப் பிரெஞ்சில் கொண்டுவந்தார்கள். ஆக்சைடு, சல்பேட் என்று நீ இன்று எழுதும் பெயர்களின் வேர் அங்கே இருக்கிறது. பிறகு ஜெர்மனின் காலம். கரிமச் சேர்மங்களைத் தொகுத்த பெயில்ஸ்டைன் கையேடு 1881-ல் வெளிவரத் தொடங்கியது. 1980-கள் வரை அது ஜெர்மனிலேயே வந்தது. அதனால் அந்தத் தலைமுறை ஆராய்ச்சி மாணவர்கள் அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஜெர்மன் படித்தார்கள். 1959-ல் மேற்கு ஜெர்மனியின் உதவியோடு தொடங்கிய சென்னை ஐ.ஐ.டி.யிலும் ஆரம்ப கால மாணவர்களுக்கு ஜெர்மன் சொல்லிக்கொடுத்தார்கள்.

இன்று ஆராய்ச்சிக் கட்டுரைகள் ஆங்கிலத்துக்கு வந்துவிட்டன. அதற்காக ஜெர்மன் வேண்டாம் என்று ஆகிவிடாது. ஜெர்மனியில் எம்.எஸ்சி. வகுப்பு ஆங்கிலத்தில் கிடைக்கலாம். வீட்டு ஒப்பந்தம், ஆய்வகத்தில் டெக்னீஷியன் பேசும் பேச்சு, படிப்பு முடிந்து தொழிற்சாலை வேலைக்கான நேர்காணல், இதெல்லாம் ஜெர்மனில்தான். அங்கே பெரும்பாலான மாநிலங்களின் அரசுப் பல்கலைக்கழகங்களில் கல்விக் கட்டணம் கிடையாது. நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு அது பெரிய விஷயம்.

தமிழனுக்கு ஜெர்மனில் ஒரு வசதி உண்டு, அதை யாரும் சொல்வதில்லை. "எத்தனாலில் கரைத்து வடிகட்டிய உப்பு" என்று நீ யோசிக்காமல் எழுதுகிறாய். பெயருக்கு முன்னாலேயே அதன் கதை முழுவதையும் வைத்துவிடுகிறாய். ஜெர்மன் வேதியியல் நடையும் இதையே செய்யும்: கரைப்பான், வெப்பநிலை, வினை எல்லாம் முன்னால், பொருள் கடைசியில். துணை வாக்கியத்தில் வினைச்சொல்லும் கடைசியில் வந்து உட்காரும். ஆங்கிலம் வழியாக மொழிபெயர்த்துப் படிக்கிறவன் அங்கே திணறுவான். தமிழ் வாக்கியத்தை மனதில் வைத்துப் படி, பாதி சிக்கல் அவிழ்ந்துவிடும்.

இவ்வளவு சொல்லிவிட்டு, பார்ட் ஒன்னில் தமிழையே எடு என்றுதான் சொல்வேன். காரணம் கடலூர்.

உன் ப்ராக்டிகலில் சால்ட் அனாலிசிஸ் வரும். இரண்டாம் தொகுதி உலோகங்களைக் கண்டுபிடிக்க ஹைட்ரஜன் சல்பைடு வாயுவைச் செலுத்துவார்கள். கிப் கருவியைத் திறந்ததும் அழுகிய முட்டை நாற்றம் ஆய்வகம் முழுக்கப் பரவும். அதே நாற்றம் கடலூர் சிப்காட் தொழிற்பேட்டையை ஒட்டிய குடிகாடு, ஈச்சங்காடு மக்களுக்கு நன்றாகத் தெரியும். 2004-ல் அந்தப் பகுதி கிராமத்தார் சமூகச் சுற்றுச்சூழல் கண்காணிப்பாளர்களாகச் சேர்ந்து, எந்த நாள், எந்த நேரம், காற்று எந்தப் பக்கம், என்ன நாற்றம் என்று குறிப்பெடுத்தார்கள். அழுகிய முட்டை, அழுகிய முட்டைக்கோஸ், நெயில் பாலிஷ் என்று தெரிந்த சொற்களில் பதிந்தார்கள். காற்றைப் பையில் பிடித்து ஆய்வுக்கும் அனுப்பினார்கள். முட்டை நாற்றத்துக்கு ஹைட்ரஜன் சல்பைடு, முட்டைக்கோஸுக்கு மெத்தில் மெர்காப்டன், நெயில் பாலிஷுக்கு அசிட்டோன் மாதிரிக் கரைப்பான் என்று பொருத்திப் பார்க்க ஒரு வேதியியல்காரர் வேண்டும். திருப்பிச் சொல்லவும் அவர் வேண்டும். ஹைட்ரஜன் சல்பைடின் அளவு கூடினால் மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாது. நாற்றம் நின்றுவிட்டதே, இனி பயமில்லை என்று நினைக்கிற ஓர் ஆயாவிடம், "அப்போதுதான் ஆயா ஓட வேண்டும்" என்று புரியும்படி எந்த மொழியில் சொல்வாய்?

அதைச் சொல்ல வாய்ப்பேச்சு போதும் என்று நினைக்காதே. மனு எழுத வேண்டும், துண்டறிக்கை எழுத வேண்டும், மாவட்ட ஆட்சியர் கூட்டத்தில் நின்று தடுமாறாமல் பேச வேண்டும். தமிழ் உரைநடை எழுதிப் பழக உனக்கு மிஞ்சியிருப்பது அந்த நான்கு செமஸ்டர்தான். அதற்கப்புறம் யாரும் உன்னை எழுதச் சொல்லப் போவதில்லை.

பிரெஞ்சையும் ஜெர்மனையும் கல்லூரிக்கு வெளியே வைத்துக்கொள். பார்ட் ஒன் பிரெஞ்சு அரிச்சுவடியிலிருந்து தொடங்கி எழுத்துத் தேர்வோடு முடிகிறது, பேச வராது. கடலூரிலிருந்து புதுச்சேரி பஸ்ஸில் ஒரு மணி நேரத்துக்குள். அங்கே அலியான்ஸ் பிரான்சேஸ் 1889-லிருந்து இருக்கிறது. ஜெர்மனுக்குச் சென்னையில் கோத்தே நிலையம், மேக்ஸ் முல்லர் பவன் என்று சொல்வார்களே, அதுதான். ஆன்லைன் வகுப்பும் நடத்துகிறார்கள். இரண்டு மொழிக்கும் ஏ1, ஏ2, பி1 என்று படிகள். பி1 வரை போனால் மொழி கைக்கு வரும். ஏ1 சான்றிதழோடு நிறுத்தினால் ஆறு மாதத்தில் மறந்துபோகும்.

மொழியிலேயே பட்டம் வேண்டுமானாலும் வழி உண்டு. 2022 ஏப்ரலில் யு.ஜி.சி. ஒரே நேரத்தில் இரண்டு பட்டம் படிக்கலாம் என்று அனுமதித்தது. ஒன்றை நேரில் படித்து, மற்றதைத் தொலைதூரத்தில் படிக்கலாம். சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 1979-லிருந்து தொலைதூரக் கல்வி நடத்துகிறது, வேதியியலோடு பி.ஏ. தமிழையும் கொண்டுபோக நினைக்கிறவர் முதலில் விசாரிக்க வேண்டிய இடம் அது.

முதல் செமஸ்டரில் வேறு எதையும் தொடாதே. ப்ராக்டிகலும் ரெக்கார்டும் கைக்குப் பிடிபடட்டும், பிப்பெட் நடுங்காமல் நிற்கட்டும். இரண்டாவது செமஸ்டரில் ஏ1 ஆரம்பி, வாரம் மூன்று மாலை போதும். ஐந்தாவது செமஸ்டர் வருவதற்குள் பி1 முடித்துவிடப் பார், அப்புறம் வேதியியல் தாள்கள் கழுத்தைப் பிடிக்கும். இரண்டு பட்டம் என்று இறங்கினால், பணம் கட்டும் முன்பே போன வருடத்து இரண்டு தேர்வு அட்டவணையையும் வாங்கிப் பார். ஒரே வாரத்தில் மோதுகிறதென்றால், தொலைதூரப் பட்டத்தை மூன்றாம் வருடம் முடித்தபிறகு தொடங்கு.