மூழ்குவோர் இடுப்பில் ஒரு கத்தி

தூத்துக்குடிக் கடலில் முத்துக்குளித்தவர்கள் கல்லின் கனத்தில் அடித்தளம் சேர்ந்து, மூச்சடக்கியபடி சிப்பி அள்ளினார்கள். 1961-இல் நடந்ததோடு அங்கே பெரிய முத்துக்குளிப்புகள் ஓய்ந்தன. அந்தக் காலத்து வலைகள் பருத்தியும் சணலும். அறுந்து கடலில் மூழ்கினாலும் அவை சீக்கிரம் மக்கிவிடும். நைலான் வலை வந்தபின் நிலைமை மாறியது. அறுந்த நைலான் மக்காமல் பாறையிலும் பவளத்திலும் ஆண்டுக்கணக்கில் சிக்கிக் கிடக்கிறது. தூண்டில் நரம்பு என்றும் இலங்கையில் தங்கூசி என்றும் சொல்கிற ஒற்றை இழை, தண்ணீருக்குள் கண்ணுக்கே தட்டுப்படாது; மூழ்குபவர் அதில் சிக்கிக்கொள்ளலாம்.

ஈட்டியோடு மூழ்கி மீன் பிடிப்பவருக்கு இன்னொரு ஆபத்தும் உண்டு. ஈட்டி பாய்ந்த மீன், ஈட்டியில் கட்டிய கயிற்றையும் இழுத்துக்கொண்டு பாறையைச் சுற்றி ஓடும். அந்தக் கயிறு காலில் மாட்டினால், அடக்கிய மூச்சு தீர்வதற்குள் அறுத்தாக வேண்டும். ஆகவே கத்தி வாங்கும்போது கேட்க வேண்டிய முதல் கேள்வி இது: தளர்ந்த நைலான் இழையை, கண்ணால் பார்க்காமல், ஒரே கையால் இது அறுக்குமா?

தளர்ந்த இழை என்பதுதான் இதில் முக்கியம். கடலிலிருந்து ஏறக்குறைய 90 கிலோமீட்டர் உள்ளே, ஆந்திர எல்லையோரம் இருக்கும் ஆர்.கே.பேட்டையின் தறிக்காரர்களுக்கு இது நன்றாகத் தெரியும். தறியில் இழுத்துக் கட்டிய பாவு நூல் கத்தி பட்டதும் அறும். தொங்குகிற நூல் அலகுக்கு முன்னால் நழுவிக்கொண்டே போகும். கடலடியிலும் அப்படித்தான். அதனால் நல்ல மூழ்கு கத்தியின் அலகில், கூர் தீட்டிய கொக்கி போன்ற ஒரு பள்ளம் இருக்கும். இழையை அதில் மாட்டி இழுத்தால், இழுப்பே அதை இறுக்கி அறுத்துவிடும். தடித்த கயிற்றுக்கு ரம்பப்பல் விளிம்பு, மெல்லிய நரம்புக்கு வழுவழுப்பான விளிம்பு. ஒரே அலகில் இரண்டும் உள்ளதை வாங்குவது நல்லது.

முனையைப் பொறுத்தவரை ஆளுக்கேற்ற தேர்வு. காற்றுக்குழாயோடு மூழ்கும் ஸ்கூபாக்காரர் மொண்ணை முனையை வாங்கலாம்; அவசரத்தில் குழாயையோ சட்டையையோ குத்திவிடாது. ஈட்டிக்காரருக்குக் கூர்முனை வேண்டும். பிடித்த மீனின் கண்ணுக்குச் சற்றுப் பின்னால் மூளையில் குத்தினால் அது உடனே இறந்துவிடும். மீனின் வேதனை குறையும். அதன் துடிப்பு சுறாக்களை இழுப்பதும் குறையும்.

எந்த உலோகம்?

எவர்சில்வர் துருப்பிடிக்காது என்ற நம்பிக்கை கடலில் செல்லாது. எஃகில் குறைந்தது 10.5 விழுக்காடு குரோமியம் இருந்தால், அதன் மேல் குரோமிய ஆக்சைடு படலம் ஒன்று உருவாகும். கீறல் விழுந்தாலும் காற்றிலோ நீரிலோ உள்ள ஆக்சிஜன் அதைப் புதுப்பித்துவிடும். ஆனால் கடல்நீரின் குளோரைடு இந்தப் படலத்தை ஆங்காங்கே துளைக்கிறது. ஈரத்தோடு உறைக்குள் செருகிய கத்தியிலோ ஆக்சிஜன் போதாமல் படலம் புதுப்பிக்கப்படுவதில்லை. வெளியே பளபளப்பாகத் தெரியும் அலகு உள்ளுக்குள் குழிகுழியாக அரிக்கப்படுவது இப்படித்தான்.

உலோகத் தேர்வில் ஒன்றைப் பெற இன்னொன்றை விட்டுக்கொடுக்க வேண்டும். கூர் நிற்பதற்குக் கார்பன் வேண்டும். கார்பன் கூடினால், அது குரோமியத்தைத் தன்னோடு பிணைத்துக்கொள்வதால் துருத்தடுப்பு குறையும். 440சி எஃகு நீண்டநாள் கூராக இருக்கும், கவனிக்காவிட்டால் துருவேறும். மாலிப்டினம் கலந்த 316 எஃகு உப்பை நன்றாகத் தாங்கும். ஆனால் வெப்பமூட்டிக் கடினப்படுத்த முடியாததால் சீக்கிரம் மழுங்கும். டைட்டானியம் கடல்நீரில் துருவே பிடிக்காது, எஃகைவிட எடையும் குறைவு. விலை அதிகம், கூரும் நீண்டநாள் நிற்காது. தினமும் கழுவித் துடைக்கும் பழக்கம் உள்ளவருக்கு 440சி பொருந்தும். அது கைவராதவர் டைட்டானியத்தையே வாங்கட்டும்.

கத்தியை இடுப்புப் பட்டையிலோ மார்புப் பட்டையிலோ இரு கைக்கும் எட்டுமாறு கட்ட வேண்டும். காலில் கட்டுபவர்கள் உட்புறமாகக் கட்டினால் வலையில் மாட்டாது. உறையின் பூட்டு குலுக்கலில் திறக்கக் கூடாது, கையுறை போட்ட விரலுக்கு உடனே திறக்க வேண்டும். இதைக் கரையிலேயே, கண்ணை மூடிக்கொண்டு, இடக்கையாலும் பழகிக்கொள்ளுங்கள்.

கரைக்கு வந்ததும்

கத்தியையும் உறையையும் தனித்தனியாக நல்ல தண்ணீரில் ஊறவைத்துக் கழுவுங்கள். கைப்பிடியைக் கழற்ற முடிந்தால் கழற்றுங்கள். உப்பு தங்குவது அந்த இடுக்கில்தான். துடைத்து, நிழலில் முழுக்கக் காயவிட்டு, மினரல் எண்ணெயோ சிலிக்கோன் பசையோ மெல்லியதாகத் தடவுங்கள். வீட்டில் கத்தியை உறைக்கு வெளியே வைப்பதே நல்லது. சிறு துருப்புள்ளி தென்பட்டால் அன்றைக்கே தேய்த்து எடுத்துவிடுங்கள், விட்டுவைத்தால் குழியாகும். வழுவழுப்பான விளிம்புக்குச் சாணைக்கல், ரம்பப்பல்லுக்கு மெல்லிய உருளை அரம். சிப்பியைப் பெயர்க்கவோ பாறையை நெம்பவோ கத்தியைக் கொடுக்காதீர்கள், முனை ஒடிந்துவிடும்.

தூத்துக்குடிக்கும் ராமேஸ்வரத்துக்கும் இடையே 21 தீவுகளைக் கொண்ட மன்னார் வளைகுடா கடல்வாழ் தேசியப் பூங்கா 1986-இல் அறிவிக்கப்பட்டது. அந்த எல்லைக்குள் ஈட்டியால் வேட்டையாடுவது குற்றம். மற்ற இடங்களிலும் உள்ளூர் மீன்வளத் துறையிடம் விதிகளைக் கேட்டறிந்த பிறகே இறங்க வேண்டும்.

மூழ்கப் போகும் ஒவ்வொரு நாளும் பழைய தூண்டில் நரம்பு ஒரு முழம் எடுத்து, தளர்வாகத் தொங்கவிட்டு, ஒரு கையால் அறுத்துப் பாருங்கள். ஒரே இழுப்பில் அறுந்தால் இறங்கலாம். அறுக்காத கத்தியோடு அன்று கடலில் இறங்கவே கூடாது.